நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு எதிரே

உன் வீட்டுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ராயப்பன்பட்டியில் காலைப் பூசை முடிந்ததுமே பஸ் ஏறியிருக்க வேண்டும். வாசலில் நின்றபடியே, உரச்சாக்கில் சுற்றிச் சணலால் கட்டிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். "சாகுறதுக்கு முன்னாடி ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னா. தோட்டத்து ரூம்புல பரண்ல கெடந்துச்சு. எனக்குத்தான் வர ஒழியல" என்றார். காபி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை.

சாக்கைப் பிரித்ததும் முதலில் வந்தது மருந்து வாசனைதான். பூண்டும் மண்ணெண்ணெயும் சேர்ந்து அழுகியது மாதிரி மூக்கில் ஏறித் தொண்டையில் உட்காருமே, அந்த வாசனை. பரணில் பக்கத்திலேயே மருந்து டப்பாக்களும் கிடந்திருக்கும். உள்ளே ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் உன் பென்சில் எழுத்து, எப்போதும்போல இடது பக்கம் சாய்ந்து ஓடியது. பார்த்ததும் மூடிவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது, பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பழகவில்லை.

நீயும் நானும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, வாய்க்கால் ஓரத்து ஓட்டுக் கட்டடம். 'ஆராய்ச்சி நிலையம்' என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'ரத்தம் எடுக்குற ஆபீசு' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். இரண்டு பேரும் லேப் படிப்புத்தான் படித்தவர்கள். எனக்கு டைப்பிங் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். உன்னை ஐஸ் பெட்டியோடு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அது மாறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்காத நாளில்லை.

வேலை பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. திராட்சைக்கு மருந்தடிக்கிறவர்களின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் ஒரு நொதி குறையும். ரொம்பக் குறைந்தால் கை நடுங்கும், வாந்தி வரும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். ஆனால் அந்த நொதி ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருப்பது. அதனால் கவாத்து வெட்டுவதற்கு முன்னால் ஒருதரம், மருந்தடிப்பு முடிந்த கையோடு ஒருதரம் என்று ஒரே ஆளிடம் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் அதே ஆளாக இருக்க வேண்டும். அது தவறினால் எல்லாம் தவறியது.

கம்ப்யூட்டரும் ரத்தம் சோதிக்கிற கருவியும் இருந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. சாமி ரூமுக்குப் போவது மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நீ வெயிலில் கருத்து, புடவைக் கரையெல்லாம் செம்மண்ணோடு வாசலில் நின்று, "மகாராணி கொஞ்சம் எந்திரிக்கலாமா? ரத்தம் வந்திருக்கு" என்பாய். எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், ஒளிப்பானேன்.

என்னிடம் வந்து சேர்ந்ததெல்லாம் எண்கள்தான். யாருடைய ரத்தம் எது என்று வெளியே தெரியக்கூடாது என்பதால் பெயரும் எண்ணும் உன் பதிவேட்டில், எண்ணும் அளவும் என் கோப்பில் என்று பிரித்து வைத்திருந்தார்கள். நல்ல விதிதான். ஆனால் நான் அந்த விதிக்குள் சௌகரியமாகக் குடியேறிவிட்டேன். எனக்கு மனிதர்களே இல்லாமல் போனார்கள். "நம்பரு குடுத்துட்டோம்னு ஆளை மறந்துறாதடி" என்று அடிக்கடி சொல்வாய். உனக்கு ஆட்களை முகத்தால்கூட அல்ல, நரம்பால் தெரியும். "அவுகளுக்கு எடது கையில நரம்பு வழுக்கும்", "இவுகளுக்கு முழங்கைக்குக் கீழ குத்துனாத்தான் வரும்" என்று ஒவ்வொரு கையையும் மனதில் வைத்திருந்தாய்.

மருந்தடிப்பு முடிந்து இரண்டாம் சுற்று எடுத்த வாரம். ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். வழக்கமான கேலி இல்லை.

"ஏ புள்ள, ஒரு சிக்கலு. ஆளு மாறி வந்திருக்காக."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்குக் குடுத்தவுக வேற, இன்னைக்குக் குடுத்தவுக வேற. அண்ணனுக்குப் பதிலாத் தம்பி, மாமனுக்குப் பதிலா மச்சினன். மாத்தாள் விட்டிருக்காக."

மாத்தாள் வழக்கம் நம் பள்ளத்தாக்கில் யாருக்குத் தெரியாது? மருந்தடிக்கிற செட்டில் ஒருவனுக்கு வர முடியாவிட்டால் இடத்தைக் காலியாக விடக்கூடாது. தம்பியையோ மச்சினனையோ தன் பெயரில் அனுப்ப வேண்டும். அனுப்பாதவன்தான் வாக்குத் தவறியவன். நீ போய் "அடுத்த தடவையும் கட்டாயம் வரணும்" என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாய். அவர்கள் அந்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். எவரும் மறைக்கவில்லை. 'அண்ணனுக்கு முடியல, நான் வந்திருக்கேன்' என்று சட்டைக் கையைச் சுருட்டி நீட்டியிருக்கிறார்கள்.

"நீ ஏன் எடுத்த?" என்றேன்.

"வேணாம்னு திருப்பி அனுப்புனா செட்டே எந்திரிச்சுப் போயிரும். எம்பேருக்கு வந்தவனை எப்படி வேணாம்பனு சண்டைக்கு வருவாக. அதான் எடுத்துட்டு, பதிவேட்டுல நம்பருக்குப் பக்கத்துல பென்சில்ல 'மா'னு போட்டு வச்சிருக்கேன். நீ கம்ப்யூட்டர்ல போட்டுரு." பிறகு சொன்னாய்: "வராமப் போனது யாரு தெரியுமா? படுத்துக் கெடக்கவுக. மருந்து ஏறுனவுக. நமக்கு எந்த ஆளு வேணுமோ அந்த ஆளுதாண்டி வரல."

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா, "அதுக்குக் கட்டம் இல்லடி" என்றேன்.

அந்த அட்டவணை பட்டணத்துப் பெரிய நிறுவனம் அனுப்பியது. நம்மைப் போல வேறு ஊர்களிலும் நிலையங்கள் இருந்தன. எல்லாருடைய கோப்பையும் சேர்த்து ஒன்றாக ஆக்குவார்கள். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்தைப் போட்டால் சிவப்பாகிக் கத்தும். நம் நிலையத்துப் பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், "நம்ம கோப்புதான் சுத்தம், ஒரு காலிக் கட்டம்கூட இல்லை" என்று என்னைப் பாராட்டியிருந்தார். உன் 'மா'வைப் போட்டால் இரண்டாம் சுற்றில் பாதிக்கட்டம் காலியாகிவிடும். நீ, "பெரிய டாக்டர்கிட்டக் கேட்டுப் பாரு" என்றாய். மறுநாள், "கேட்டேன், வேணாம்னுட்டாக" என்றேன்.

நான் கேட்கவே இல்லை. இதை உன்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவரிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். சிடுசிடுப்பாரே தவிர கெட்டவரில்லை. எனக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். இதற்குமேல் சமாதானம் ஏதும் என்னிடம் இல்லை.

கோப்பு பட்டணத்துக்குப் போனது. சில மாதம் கழித்து முடிவு வந்தது: இந்தப் பள்ளத்தாக்கில் மருந்தடிக்கிறவர்களுக்கு ரத்தத்தில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. வராது. மருந்தையே தொடாத தம்பியின் ரத்தத்தில் எப்படி மாற்றம் வரும்? சோதனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுக்கச் சொன்னார்கள். என் கோப்பிலிருந்து நானே அச்செடுத்தேன். பெரும்பாலான சீட்டில் ஒரே வார்த்தை: இயல்பு.

நூற்றுப் பதினேழாம் எண் உன் அண்ணன். அவர் பெயரில் இரண்டாம் சுற்றில் கை நீட்டியது உன் தம்பி. ஊசி போட்டது நீ. உன் அண்ணன் அன்றைக்கு வீட்டில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

உடம்பு தேறி எழுந்த பிறகு அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நீ சொல்லிப் பார்த்திருக்கிறாய்.

"அது ஒன் ரத்தமில்லண்ணே. தம்பியோடது. நீ இந்த வருசம் மருந்துப் பக்கமே போகாத."

"கூடப் பொறந்தவன்தான ஆத்தா. அவனுக்கு நல்லாருந்தா எனக்கும் நல்லாத்தான இருக்கும்? கம்ப்யூட்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்" என்று சிரித்தாராம். தோட்டத்து முதலாளியும் பொல்லாதவரில்லை. போன வருடம் படுத்த ஆளாயிற்றே என்று சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து டேங்க்கை முதுகில் ஏற்ற விட்டார். நான் அச்சடித்த சீட்டு அது.

அடுத்த கவாத்துக்குப் பிறகு, ஒரு மத்தியான வேளையில் திராட்சைப் பந்தலுக்கடியிலேயே விழுந்தார். வாயில் நுரை. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நீ ஆஸ்பத்திரியில் அவர் கையில் நீயே ஊசி போட்டு ஒரு ட்யூப் ரத்தம் எடுத்துக்கொண்டு நம் லேபுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். உன்னைத் தடுக்க யாருக்கும் துணிவில்லை. நீயே சுழற்றி, நீயே மருந்து கலந்து, கருவியில் வைத்தாய். நான் பின்னால் நின்று பார்த்தேன். முள் கொஞ்சம் அசைந்து, அப்படியே கீழே நின்றுவிட்டது. நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அன்றைக்கே என் மேசைக்கு வந்தாய்.

"அந்தக் கோப்பைக் குடு. பதிவேடு எங்கிட்ட இருக்கு. ரெண்டையும் சேத்து வச்சா மாத்தாளு எவுக, மெய்யான ஆளு எவுகன்னு பிரிச்சிரலாம். பட்டணத்துக்கு எழுதுவோம். அடுத்த கவாத்துக்குள்ள எழுதணும்டி, மத்தவுகளும் சீட்டை நம்பிக்கிட்டுத் திரியுறாக."

"நிலையத்து டேட்டாவ வெளிய குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு" என்றேன்.

"வெளிய யாருடி? அத்தனை பேரு கையிலயும் குத்தி எடுத்தவ நான்."

கோப்பைத் திறந்தால் என் தப்பு திறந்துகொள்ளும் என்ற பயம்தான் இருந்தது. நீ பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தாய். அவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு ஏதோ ஆள் மாறாட்டம்னு எழுதியிருக்கு. உங்ககிட்ட அப்பவே சொல்லுச்சாமே?" என்று கேட்டார். "எனக்கு ஞாபகமில்லை சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகக் கேவலமான வார்த்தை அது. அவர் உன் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். பதிவேட்டை ஆபீசில் ஒப்படைக்கச் சொல்லி உனக்கு உத்தரவு வந்தது. அதை ஒப்படைத்துவிட்டு மறுநாளிலிருந்து நீ வேலைக்கு வரவில்லை.

கொஞ்ச நாளில் நிலையத்தையும் மூடினார்கள். பதிவேடுகள் எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறின. கடைசி நாளில் நான் ஒரு காரியம் செய்தேன். யாருக்கும் தெரியாமல் அந்தக் கோப்பை ஒரு ஃபிளாப்பியில் நகல் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்தேன். உனக்குக் கொடுக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டிலிருந்து உன் ஊருக்குப் பஸ்ஸில் எவ்வளவு தூரம்? ஒரு டவுன் பஸ் தூரம். அத்தனை வருடத்தில் அந்த ஒரு பஸ்ஸில் நான் ஏறவில்லை.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை உன்னைப் பார்த்தேன். குமுளி ஜீப்பிலிருந்து இறங்கினாய். முகமெல்லாம் ஊதியிருந்தது, சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தது என்று பிறகுதான் தெரியும். ஏலத்தோட்டத்துக்குக் குடிபோய்விட்ட ஆட்களைத் தேடிப் போனதாகச் சொன்னாய். பதிவேடு போனாலென்ன, நரம்பு ஞாபகமிருக்கிறதே என்று ஒவ்வொரு வீடாகப் போய், யாருக்கு யார் மாத்தாளாக வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாய்.

"இன்னும் கொஞ்சப் பேருதான் பாக்கி. ஒருத்தரும் மறைக்கல. 'ஆமா தாயி, எந்தம்பிதான் வந்தான்'னு சொல்றாக. செலரு சொல்ல ஆளில்ல, செத்துப் போனாக" என்றாய். பிறகு, கோப்பின் நகல் என்னிடம் இருக்கும் என்று தெரிந்ததுபோல, கோபமே இல்லாமல் கேட்டாய்: "நீ எப்பத் தருவ?"

"பாக்கலாம்" என்றேன்.

அந்தக் கோபமில்லாத குரலை என்னால் தாங்க முடியவில்லை. நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். நீ டயாலிசிஸுக்கு மதுரைக்குப் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். வந்து பார்க்கவில்லை. அடக்கத்தன்று உங்கள் கோயில் மதிலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றேன். மணி அடித்து முடிந்ததும் பஸ் ஏறினேன்.

நோட்டு வந்த மறுநாள் புடவை மடிப்பிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இதப் போடுற மிஷினே இப்பக் கெடைக்காதுக்கா" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு பழைய டப்பாவைத் தூசி தட்டி எடுத்து வந்தார். போட்டார். அது கரகரவென்று சத்தம் போட்டது. வெளியே எடுத்து, மூடியை நகர்த்தி எனக்குக் காட்டினார். கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "பூஞ்சை புடிச்சிருச்சுக்கா. ஒண்ணும் எடுக்க முடியாது." எத்தனை சாரல் மழைக்காலம் அது அந்தப் புடவைக்குள் கிடந்தது!

விடாமல் பட்டணத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். முதல்முறையாக நடந்ததை எல்லாம் எழுதினேன், என் பொய்யையும் சேர்த்து. நேற்றுப் பதில் வந்தது. மரியாதையான பதில். தொகுத்த அட்டவணை மட்டுமே தங்களிடம் இருப்பதாகவும், நிலையங்கள் அனுப்பிய மூலக் கோப்புகளைப் பாதுகாக்கவில்லை என்றும், மூலம் நிலையத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நிலையம் இருந்த இடத்தில் இப்போது தேங்காய் உலர்த்துகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் இன்று காலையில் உன் நோட்டைத் துணிந்து முழுக்கத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் எண், பெயர், மெய்யாகக் கை நீட்டியவர் யார், அன்றைக்கு அசல் ஆள் என்ன செய்துகொண்டிருந்தார். 'வாந்தி, படுக்கை.' 'கண் மங்கல், படுக்கை.' 'மலைக்குப் போனார், சுகம்.' 'இறந்தார், மனைவி சொன்னது.' ஒருவர் விடாமல் முடித்திருக்கிறாய். இவ்வளவு ஒழுங்கான பதிவை எந்த நிலையத்திலும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து ஒரு கட்டம் விட்டிருந்தாய். மேலே தலைப்பு: 'அளவு — அவ வந்து எழுதணும்.' முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அது காலியாக இருந்தது. கட்டம் இல்லை என்று சொன்னவளுக்கு நீ பக்கம் தவறாமல் கட்டம் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மருந்து வாசனை கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு பென்சிலைச் சீவினேன்.

எனக்கு ஒரே ஒரு அளவு தெரியும். எந்தக் கோப்பிலும் ஏறாதது, எந்த ஃபிளாப்பியிலும் இல்லாதது. உன் பின்னால் நின்று நான் பார்த்த அந்த முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு எதிரே அதை எழுதினேன். பக்கத்தில், 'அசல் ஆள்' என்றும், 'எடுத்தவள்' என்று உன் பெயரையும், 'பார்த்தவள்' என்று என் பெயரையும் எழுதினேன்.

மற்றக் கட்டங்களில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அவை காலியாகவே இருக்கும்.